சின்ன கார் பாதுகாப்பானதா? ‘மினி’ காரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் நம்பியதும், நம்ப மறுத்ததும்

ஒரு வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்றால், ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். சின்ன கார் போதும், சந்துல திரும்பும், பெட்ரோல் கம்மியா குடிக்கும், எங்க வேணா பார்க்கிங் கிடைக்கும் என்பது ஒரு கட்சி. லாரி லேசா உரசினாலே அப்பளம் மாதிரி நொறுங்கிடும், கொஞ்சம் பெரிய வண்டியா பார்ப்போம் என்பது இன்னொரு கட்சி.

இந்த வாக்குவாதம் இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. சுமார் 65 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு மனிதர், 10 அடி நீளத்தில் ஒரு காரைச் செய்து காட்டி முதல் கட்சியை ஜெயிக்க வைத்தார். அந்த கார்தான் ‘மினி’. அந்த மனிதர் சர் அலெக் இசிகோனிஸ்.

சின்ன காரில் 4 பேர் வசதியாகப் போகலாம் என்று நிரூபித்த அவர், பாதுகாப்பு விஷயத்தில் பிடித்த பிடிவாதம் சரியா? அவர் இறந்து 35 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் இந்தக் கேள்விக்கு பதில் தெரிந்துகொள்வது முக்கியம். ஏன்னா, இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களின் அடிப்படை அமைப்பு அவர் காட்டிய வழியில் வந்ததுதான்.

யார் இந்த இசிகோனிஸ்?

1906 நவம்பர் 18ஆம் தேதி, அன்றைய ஒட்டோமான் பேரரசில் இருந்த ஸ்மிர்னா துறைமுக நகரத்தில் பிறந்தார். இன்று அது துருக்கியின் இஸ்மிர். தந்தை கிரேக்க வம்சாவளி, ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். கப்பல் இன்ஜின் சம்பந்தப்பட்ட தொழிற்சாலை நடத்தினார். தாய் ஹுல்டா, ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

1922இல் கிரேக்க – துருக்கிப் போரின் முடிவில் ஸ்மிர்னா நகரமே தீப்பற்றி எரிந்தது. பிரிட்டிஷ் குடிமக்களைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்கு அனுப்பினார்கள். சொத்து, தொழிற்சாலை எல்லாம் போச்சு. தந்தை இங்கிலாந்து வரை வந்து சேரவில்லை, மால்டாவிலேயே இறந்துபோனார். பதின்ம வயது மகனும் தாயும் மட்டும் லண்டனில் புது வாழ்க்கையைத் தொடங்கினார்கள். கடைசி வரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயுடனேயே வாழ்ந்தார்.

கணக்கில் 3 தடவை ஃபெயில்

லண்டன் பேட்டர்ஸி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். வரைவதில் கெட்டிக்காரர். ஆனா கணக்கு வரவே இல்லை. கணிதத் தேர்வில் 3 முறை தோற்றார். பிற்காலத்தில் கூட, வெறும் கணக்கு படைப்பாற்றலுக்கு எதிரி என்பதுதான் அவருடைய கருத்து.

1930களில் ஹம்பர் நிறுவனத்திலும், பிறகு 1936 முதல் மோரிஸ் நிறுவனத்திலும் வேலை. சஸ்பென்ஷன் அவருக்குப் பிடித்த துறை. ஓய்வு நேரத்தில் ஜார்ஜ் டௌசன் என்ற நண்பருடன் சேர்ந்து, கையாலேயே ஒரு குட்டி ரேஸ் காரைக் கட்டினார். பெயர் ‘லைட்வெய்ட் ஸ்பெஷல்’. எடை குறைந்தால் இன்ஜின் சின்னதாக இருந்தாலும் வேகம் வரும், சாலையில் பிடிமானம் நன்றாக இருந்தால் வளைவில் பயமில்லை. இந்த இரண்டு பாடங்களையும் அந்த வண்டியில்தான் அவர் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் பாதுகாப்பு பற்றி நினைத்ததற்கெல்லாம் அடித்தளம் இதுதான்.

காரை நடுவில் வெட்டி அகலமாக்கியவர்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போர் முடிந்த பிறகு சாமானியர் வாங்கக்கூடிய ஒரு சின்ன காரை வடிவமைக்க மோரிஸ் நிறுவனம் அவரிடம் சொன்னது. அதுதான் 1948இல் வெளியான ‘மோரிஸ் மைனர்’.

மாதிரி கார் தயாராகிவிட்டது. ஆனா அவர் கண்ணுக்கு அது ஒல்லியாகத் தெரிந்தது. என்ன செய்தார் தெரியுமா? காரை நீளவாக்கில் நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகி விட்டதால், ஆரம்ப கால மைனர் கார்களில் பம்பரை நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள்.

அழகுக்காக மட்டும் அல்ல, அகலம் கூடியதால் சாலையில் காரின் நிலைத்தன்மையும் கூடியது. 10 லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயர் மைனருக்குக் கிடைத்தது. இந்தியாவிலும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் தயாரித்தது.

சூயஸ் கால்வாய் மூடியது, சின்ன காருக்குக் கதவு திறந்தது

1952இல் ஆஸ்டின், மோரிஸ் நிறுவனங்கள் இணைந்து பிஎம்சி என்ற பெரிய நிறுவனம் உருவானது. இசிகோனிஸ் வெளியேறி ஆல்விஸ் நிறுவனத்துக்குப் போனார். 1955இன் இறுதியில் பிஎம்சி தலைவர் லெனார்ட் லார்ட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, போர் வெடித்தது. கால்வாய் மூடப்பட்டது. பிரிட்டனுக்கு எண்ணெய் வருவது சிக்கலாகி, 1956 டிசம்பரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? ‘பபிள் கார்’ எனப்படும் முட்டை வடிவக் குட்டி வண்டிகளை வாங்கினார்கள். இசெட்டா, மெஸ்ஸர்ஷ்மிட் போன்றவை. மோட்டார் சைக்கிள் அளவு இன்ஜின். இரண்டு பேர் உட்காரலாம். இசெட்டாவில் கதவே முன்பக்கம்தான். முன்னால் எதிலாவது மோதினால் முதலில் அடிபடுவது உள்ளே இருப்பவரின் கால்தான்.

லெனார்ட் லார்டுக்கு இந்த வண்டிகளைக் கண்டாலே ஆகாது. இவற்றை சாலையை விட்டே விரட்ட, சின்னதாக ஆனால் ஒழுங்கான ஒரு காரைச் செய்யுங்கள் என்று இசிகோனிஸிடம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் இன்ஜினைத்தான் பயன்படுத்த வேண்டும்.

10 அடியில் 4 பேர்: எப்படி சாத்தியமானது?

இசிகோனிஸ் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். காரின் நீளம் 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர். அதில் மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் 80 சதவீதத்துக்கு நெருக்கமான இடம் வேண்டும். மீதியில்தான் இன்ஜின்.

வழக்கமான முறையில் இது நடக்காத காரியம். அன்றைய கார்களில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு பின்சக்கரம் வரை போகும். இதற்கே பாதி கார் போய்விடும். அவர் செய்த மாற்றங்கள் இவை:

• இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். சக்தி முன்சக்கரத்துக்கே போனதால் நீண்ட தண்டு தேவைப்படவில்லை.

• கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், ஆயில் இருக்கும் தொட்டியிலேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில்.

• சக்கரம் வெறும் 10 அங்குலம். அதற்கேற்ற டயரை டன்லப் நிறுவனம் புதிதாகச் செய்து கொடுத்தது.

• எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். இடம் மிச்சம்.

• மேலே இறங்கும் கண்ணாடிக்குப் பதில் நகர்த்தித் திறக்கும் ஜன்னல். கதவு மெலிதானது, உள்ளே சாமான் வைக்கப் பெரிய பை கிடைத்தது.

குறுக்கு இன்ஜின், முன்சக்கர இயக்கம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1931லேயே ஜெர்மனியின் டிகேடபிள்யூ அப்படி ஒரு காரை விற்றது. ஆனால் 4 சிலிண்டர் இன்ஜினை வைத்து, 4 பெரியவர்கள் உட்காரும்படி, இவ்வளவு குறுகிய இடத்தில் அடக்கிக் காட்டியது இசிகோனிஸ் குழுதான். அவர் நோட்டில் கையாலேயே படம் போடுவார். ஜாக் டேனியல்ஸ் போன்ற இன்ஜினியர்கள் அதை இரும்பாக மாற்றுவார்கள்.

வேகத்தைக் குறைத்த முடிவு

முதல் மாதிரி கார் 948 சிசி இன்ஜினுடன் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. சாதாரண குடும்பத்துக்கு இவ்வளவு வேகம் ஆபத்து என்று முடிவெடுத்து, இன்ஜினை 848 சிசியாகக் குறைத்தார்கள். முன்பக்கம் எடை அதிகமாகி, பிரேக் பிடித்தால் பின்சக்கரம் சறுக்கியது. அதற்காக பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றினார்கள். பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வும் வைத்தார்கள்.

அதாவது, பாதுகாப்பைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. யோசித்தார். ஆனா, எதைப் பற்றி என்பதுதான் கேள்வி.

ஈரமான கார்பெட், தயங்கிய மக்கள்

1959 ஆகஸ்ட் 26. ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி மைனர் என்று இரண்டு பெயர்களில் கார் வெளியானது. ஆரம்ப விலை 500 பவுண்டுக்கும் கீழே.

கூட்டம் அலைமோதியதா? இல்லை. இவ்வளவு சின்ன சக்கரம் தாங்குமா, இது காரா, பொம்மையா என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. போதாக்குறைக்கு, மழை பெய்தால் தரைத் தகட்டின் இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து கார்பெட் நனைந்தது. இன்ஜினின் மின்பொறிக் கருவி முன்கிரில்லைப் பார்த்து இருந்ததால், கனமழையில் வண்டி நின்றது.

இந்தக் குறைகள் சரிசெய்யப்பட்டன. பிரபலங்கள் மினி ஓட்ட ஆரம்பித்ததும் பேச்சே மாறியது. பீட்டில்ஸ் இசைக்குழுவினர், நடிகர் பீட்டர் செல்லர்ஸ் எல்லோரிடமும் மினி இருந்தது. பணக்காரரும் சாமானியரும் ஒரே காரை ஓட்டியது பிரிட்டனுக்குப் புதுசு. 1965இல் உற்பத்தி 10 லட்சத்தைத் தொட்டது.

பனிமலையில் கிடைத்த சான்றிதழ்

ரேஸ் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர் மினியின் பிடிமானத்தைப் பார்த்து அசந்துபோனார். இன்ஜின் சக்தியைக் கூட்டி, முன்பக்கம் டிஸ்க் பிரேக் வைத்து 1961இல் ‘மினி கூப்பர்’ வந்தது. இது சாமானியருக்கான கார், ரேஸ் எதுக்கு என்று இசிகோனிஸ் முதலில் தயங்கினார். பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

1964இல் பனி மூடிய மான்டே கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய மினி, பெரிய வி8 இன்ஜின் அமெரிக்க கார்களைப் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தது. 1965, 1967லும் வெற்றி. 1966இல் முதலில் வந்தும், ஹெட்லைட் விதியைக் காரணம் காட்டி தகுதி நீக்கம் செய்தார்கள்.

சின்ன கார் சாலையில் நிற்காது என்று சொன்னவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது.

பாதுகாப்பு பற்றி அவர் என்ன நினைத்தார்?

இசிகோனிஸின் வாதம் எளிமையானது. விபத்து நடந்த பிறகு காப்பாற்றுவது இன்ஜினியரின் வேலை அல்ல. விபத்தே நடக்காமல் தப்பிக்கும் காரைக் கொடுப்பதுதான் வேலை. நல்ல பிரேக், சட்டென்று திரும்பும் ஸ்டியரிங், நான்கு மூலையிலும் சக்கரம், நல்ல பார்வை. இவ்வளவும் இருந்தும் ஒருவர் மோதினால் அது ஓட்டுபவரின் தவறு என்பது அவர் நிலைப்பாடு.

இன்னும் ஒருபடி மேலே போனார். சீட் ரொம்ப சொகுசாக இருந்தால் ஓட்டுபவர் அசந்துவிடுவார், கொஞ்சம் அசௌகரியமாக இருந்தால்தான் விழிப்போடு இருப்பார் என்று நம்பினார். காரில் ரேடியோ இருப்பதையும் அவர் விரும்பவில்லை. ஆனா ஆஷ்ட்ரே மட்டும் வைத்தார். ஏன்னா, அவர் புகைப்பவர்!

அதே 1959இல் நடந்த இன்னொரு விஷயம்

மினி வெளியான அதே ஆண்டில், வேறு இரண்டு இடங்களில் நேர் எதிரான ஒரு சிந்தனை சாலைக்கு வந்தது.

ஸ்வீடனில் வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட் கார்களில் வந்தது. அந்த வடிவமைப்பை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அனுமதித்தது.

ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் பேலா பாரெனி சொன்ன யோசனையும் அதே ஆண்டு காராக வந்தது. காரின் முன்பக்கமும் பின்பக்கமும் மோதும்போது தானே மடங்கி நொறுங்க வேண்டும். நடுவில் மனிதர்கள் இருக்கும் கூடு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். கார் நொறுங்கினால் பாதுகாப்பு இல்லை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. உண்மையில், சரியான இடத்தில் நொறுங்கினால்தான் உயிர் தப்பும். அந்த அடியை உடம்பு வாங்காமல் தகடு வாங்கிக்கொள்கிறது.

மோதாமல் இருக்க என்ன செய்வது என்று இசிகோனிஸ் யோசித்தார். மோதினாலும் பிழைக்க என்ன செய்வது என்று இவர்கள் யோசித்தார்கள்.

எடை சொல்லும் கணக்கு

இசிகோனிஸுக்குப் பிடிக்காத கணக்குதான் இங்கே குறுக்கே வருகிறது. சுமார் 600 கிலோ எடையுள்ள மினியும், 1,200 கிலோ எடையுள்ள பெரிய காரும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோதிய பிறகு இரண்டும் பெரிய கார் போன திசையில் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அப்படின்னா பெரிய காரில் இருப்பவருக்கு நொடியில் ஏற்படும் வேக மாற்றம் 33 கிலோமீட்டர். சின்ன காரில் இருப்பவருக்கு 67 கிலோமீட்டர். சரியாக இரண்டு மடங்கு அடி!

ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எதிரே வருபவர் தவறு செய்தால் இந்தக் கணக்கு மாறாது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. இசிகோனிஸின் வாதத்தில் இருந்த பெரிய ஓட்டை இதுதான்.

1960களின் நடுவில் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு, மத்திய அரசின் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1967க்குப் பிறகு மினி அங்கே விற்பனையாகவில்லை.

ஓரங்கட்டப்பட்ட கடைசி காலம்

1962இல் இசிகோனிஸ் கொடுத்த 1100 மாடல், பல ஆண்டுகள் பிரிட்டனில் அதிகம் விற்ற காராக இருந்தது. ஆனால் மினியில் லாபம் மிகக் குறைவு. போட்டியாளரான ஃபோர்டு, ஒரு மினியைப் பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு காரிலும் நஷ்டம்தான் என்று முடிவுக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது.

1968இல் பிஎம்சி, லேலண்டுடன் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. புதிய நிர்வாகம் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நகர்த்தியது. மினியைவிட நீளம் குறைவு, ஆனால் உள்ளே இடம் அதிகம் என்று அவர் உருவாக்கிய 9எக்ஸ் என்ற அடுத்த காரும் கைவிடப்பட்டது. 1969இல் சர் பட்டம் வந்தது. 1971இல் ஓய்வு. அடுத்த ஆண்டு தாயும் இறந்தார். ஆலோசகராகத் தொடர்ந்தாலும், அவர் கையிலிருந்து இன்னொரு கார் சாலைக்கு வரவில்லை. 1988 அக்டோபர் 2ஆம் தேதி பர்மிங்ஹாமில், 81 வயதில் காலமானார்.

கடைசியில் யார் சொன்னது சரி?

மினியின் வாரிசாகக் கருதப்பட்ட மெட்ரோ, பின்னாளில் ரோவர் 100 என்ற பெயரில் விற்றது. 1997இல் யூரோ என்கேப் அமைப்பு அதை மோதவிட்டுப் பார்த்தது. கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். விற்பனை சரிந்து, அதே ஆண்டு உற்பத்தியே நின்றது. பழைய மினிக்கு 1996இல்தான் ஓட்டுநர் ஏர்பேக் வந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில், சுமார் 53 லட்சத்து 87 ஆயிரம் கார்களோடு அதன் உற்பத்தி முடிந்தது.

அப்போ இசிகோனிஸ் தோற்றுவிட்டாரா? இல்லை. 2001இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த புதிய மினி, யூரோ என்கேப்பில் 4 நட்சத்திரம் வாங்கியது. 2007இல் வந்த குட்டி ஃபியட் 500, முழுசாக 5 நட்சத்திரம் வாங்கியது. சின்ன கார் என்றாலே ஆபத்து என்பது உண்மையில்லை என்பதற்கு இது சாட்சி. ஆனா அதற்கு ஒரு விலை உண்டு. புது மினியின் நீளம் 3.6 மீட்டரைத் தாண்டியது, எடை ஒரு டன்னைத் தாண்டியது.

இந்தியாவுக்கும் இதே பாடம்தான். 1983இல் வந்த மாருதி 800லும் இன்ஜின் குறுக்காகத்தான் இருந்தது, முன்சக்கரம்தான் இழுத்தது. கியர்பாக்ஸை அடியில் வைக்காமல் பக்கத்தில் வைக்கும் முறை மட்டும், 1964இல் ஃபியட்டின் டாண்டே ஜியாகோசா சேர்த்தது. இடத்தை மிச்சப்படுத்துவதில் இந்தியச் சின்ன கார்கள் கெட்டிக்காரக் கார்கள். ஆனால் 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத 5 இந்திய மாடல்களை மோதவிட்டபோது, ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம்தான். 2023இல் பாரத் என்கேப் தொடங்கிய பிறகு, இந்த நட்சத்திரக் கணக்கை இந்தியாவிலேயே போட முடிகிறது.

அதனால், சின்ன காரா பெரிய காரா என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்று இசிகோனிஸ் கேட்டது: இந்த கார் பிரேக் பிடித்தால் நிற்குமா, திருப்பினால் திரும்புமா? இன்னொன்று அவர் கேட்க மறுத்தது: இவ்வளவுக்குப் பிறகும் மோதிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா?

முதல் கேள்விக்கு டெஸ்ட் டிரைவ் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு நட்சத்திரத்தையும் ஏர்பேக்கையும் பார்க்கலாம். அதற்கு அப்புறம், பின்சீட்டில் இருப்பவர் வரை எல்லோரும் சீட் பெல்ட் போட வேண்டும்.